நீச்சல்குளத்து உப்பு எங்கே போனது

கார் உதிரிபாகக் கம்பெனியில் என் காண்ட்ராக்ட் முடிந்தபின் ஒரகடத்தில், வெளிநாட்டு இன்ஜினியர்கள் குடும்பத்தோடு தங்கும் விடுதியொன்றில் வேலை கிடைத்தது. நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது உப்புநீர்க் குளம். தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்து ஒரு மெஷின் தானே குளோரின் தயாரிக்கும். உப்பு குறைந்தால் மெஷினில் சிவப்பு விளக்கு எரியும். மூட்டையைப் பிரித்துக் கொட்ட வேண்டும். மெஷின் கம்பெனி டெக்னீஷியன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

சித்திரை வெயில் ஏறியபோது விளக்கு எரிந்தது. இரண்டு மூட்டை கொட்டினேன், அணைந்தது. நாலாம் நாள் மறுபடி எரிந்தது.

சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தார். "வெயிலு இன்னா காட்டு காட்டுது பாத்தியா? எல்லாம் ஆவியாப் பூடுது. இன்னும் ரெண்டு மூட்ட கொட்டு."

கொட்டினேன். அந்த உப்பும் நிற்கவில்லை. மெஷின்தான் பொய் சொல்கிறதோ என்று அதன் தகடுகளில் படிந்த சுண்ணாம்பைக் கழுவினேன். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். உப்பு நிஜமாகவே குறைந்திருந்தது. நான் எதையோ தப்பாகச் செய்கிறேன், இந்த வேலையும் போகப்போகிறது என்று பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரப் பெண் சண்டைக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், தூத்துக்குடிக்காரி. குளத்தை ஒட்டிய அவளுடைய மூன்று செம்பருத்திகளிலும் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"ஏக்கா, உப்பைச் செடியில கொட்டுனீயளா?"

"நான் ஏம்மா கொட்டப் போறேன்? இங்க குளத்துலயே உப்பு நிக்கல. வெயில்ல போவுதுன்றாரு சூப்பர்வைசர்."

அவள் கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள்.

"வெயில்ல உப்பு போவுமா? எங்கம்மா உப்பளத்துலதான் வேல பாக்கா. வெயிலடிச்சா தண்ணிதாங்க்கா போவும். உப்பு அங்கனயேல்லா கெடக்கும்!"

செடியடியில் ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நாக்கில் வைத்து, உடனே துப்பினாள். "கரிக்கி. உப்புதாங்க்கா."

இரண்டு பேரும் குளத்தைப் பார்த்தோம். தண்ணீர் எங்கோ கசிந்து மண்ணுக்குப் போகிறது, உப்பையும் கூட்டிக்கொண்டு. மட்டம் குறையக் குறைய மிதவை வால்வு திறந்து நல்ல தண்ணீரை நிரப்பிவிடுவதால், கசிவது எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அன்று சாயங்காலம் வால்வை அடைத்தேன். தண்ணீர் மட்டத்தில் டேப் ஒட்டினேன். வெயிலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க, குளத்துப் படியில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வாளியில் அரை விரல்கூடக் குறையவில்லை. குளத்தில் மூன்று விரல் குறைந்திருந்தது.

ஓட்டை எங்கே? செம்பருத்திப் பக்கத்துச் சுவரில்தான் இருக்க வேண்டும். பம்பை நிறுத்தி, குளத்து விளக்குக்கான மெயினையும் அணைத்தேன். கேன்டீனில் கேசரி பவுடர் வாங்கிக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றினேன்.

"நீயா எறங்கப் போற? நீச்சல் தெரியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"இடுப்பளவுதான சார்."

அத்தனை மாதம் அந்தக் குளத்தைச் சுத்தம் செய்திருந்தும் ஒரு நாளும் உள்ளே இறங்கியதில்லை. சுடிதாரோடு இறங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே செம்பருத்திப் பக்கம் நடந்தேன். தண்ணீர் அசைவற்று அடங்கும்வரை நின்று, சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத்தை விட்டேன். எங்கும் அது மேகமாகத் தொங்கியது. சுவரில் பதித்த குளத்து விளக்கின் வளையத்துக்குக் கீழே விட்டபோது மட்டும் நூலாகத் திரிந்து, சரசரவென்று உள்ளே போயிற்று.

"இங்கதான்! இங்கதான் போவுது!" என்று கத்திவிட்டேன். கரையில் அவள் கைதட்டிக் குதித்தாள். சூப்பர்வைசர் பேன்ட்டை மடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்து பார்த்தார். "அட ஆமா... நான் வெயில திட்டிகினு இருந்தேன்" என்றார்.

டெக்னீஷியன் வந்து, தண்ணீருக்குள் இறுகும் பசையால் அந்த இடத்தை அடைத்தார். கடைசியாக ஒருமுறை உப்பு போட்டோம், அது குளத்திலேயே நின்றது. அவள் தினமும் நல்ல தண்ணீர் விட்டு மண்ணை அலசினாள். ஒரு செடி பட்டுப்போனது. மற்ற இரண்டும் துளிர்த்தன.

போன மாதம் டெக்னீஷியன் கூப்பிட்டார். இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு குளத்திலும் இதே தொல்லையாம், வந்து பார்க்க முடியுமா என்றார்.

"வரேன் சார். கூட ஒருத்தி வருவா, பரவால்லையா?"

கேட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரி மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.