பாகலூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், தரிசனம், அடையாளம் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள்தான், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள்தான், ஆனால் சாட்சி சொல்லும் நேரத்தில் யாராவது எழுந்து ஆண்டவர் என்னோடு பேசினார் என்று ஆரம்பித்தால் என் கண் நேராகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். இவளுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை, சில நாள் நானே அப்படித்தான் நினைக்கிறேன்.

ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். சில மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் கணவர் சேவியர் பர்கூரில் கிரானைட் குவாரியில் மெஷின் ஓட்டியவர். சர்க்கரை நோயில் கண் மங்கிப்போய் வேலையை விட்டுவிட்டார், தினமும் இன்சுலின் ஊசி. அந்த நேரத்தில்தான் பாகலூர் தாண்டி புதிதாகத் திறந்த ஒரு கம்பெனியில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அவர் வைத்தியத்தையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் புது வேலை வந்தாலும், பெண் பார்க்கப் போனாலும், வீடு மாறினாலும், பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நடுவில் முழங்கால் போட வைத்து எல்லோரும் தலைமேல் கை வைப்பார்கள். ஆண்டவரே, திறக்க வேண்டிய கதவைத் திறந்துவிடும், அடைக்க வேண்டியதை அடைத்துவிடும் என்று ஜெபிப்பார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதி பிடிக்கவில்லை. கூட்டம் நடத்தும் ரூபி அக்காவிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன்.

"அக்கா, எனக்குத் தெறக்கறது மட்டும் போதும். அடைக்கறதெல்லாம் இப்ப வேணாம்."

"அப்படிப் பாதி ஜெபம் பண்ண முடியாதும்மா. ரெண்டையும் அவரு கையிலதான் விடணும்," என்றார் அவர். முழுசாகத்தான் ஜெபித்தார். அடைத்துவிடும் என்ற இடத்தில் நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வேலையில் சேரும் நாள் விடியுமுன் கம்பெனி பஸ். வழக்கமாக என் கணவருக்கு ஊசி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்றைக்கு அவசரத்தில் சீக்கிரமே ஊசியைப் போட்டு, இட்லியை மூடி வைத்து, சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். தெருமுனை பெட்ரோல் பங்க் பக்கத்தில்தான் பஸ் நிற்கும். ஓசூர் மார்கழிப் பனி, எதிரில் ஆள் தெரியவில்லை. அடுத்த தெரு லட்சுமியும் அங்கே நின்றாள். தெலுங்குக்காரப் பெண், என்னோடுதான் அவளுக்கும் வேலை கிடைத்தது. பஸ் வந்தது, கதவு திறந்தது, லட்சுமி ஏறினாள், அவள் பின்னாலேயே நான் படியில் கால் வைக்கப் போனேன், கதவு மூடிக்கொண்டது.

நான் தட்டினேன். கண்ணாடி வழியாக டிரைவர் என் பக்கம் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பஸ் நகர்ந்தது. கத்திக்கொண்டே ஓடினேன். சிக்னலில் நின்றபோது போய் எட்டிப் பிடித்து இரண்டு கையாலும் கதவை அடித்தேன், உள்ளங்கை சிவந்துவிட்டது, உள்ளே ஒருவர்கூடத் திரும்பவில்லை. லட்சுமிக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாகலூர் பக்கம் போக ஒரு ஷேர் ஆட்டோவும் நிற்கவில்லை.

வந்த கோபத்தில் ஆண்டவரைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்தால், அவர் சமையலறை வாசலில் குப்புறக் கிடக்கிறார், உடம்பு வியர்வையில் தெப்பலாக நனைந்திருக்கிறது, கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. இட்லி மூடியபடியே இருந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். குளுக்கோஸ் ஏற ஏறத்தான் கண்ணைத் திறந்தார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதுவரைக்கும் சபையில் எல்லோரும் சொல்கிற சாட்சிதான். ரூபி அக்காவும் இதுவரைக்கும்தான் எல்லோரிடமும் சொல்கிறார்.

இருட்டும் நேரம், அவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் லட்சுமி வந்து நின்றாள். கையில் ரோஜா மாலை. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முகத்தில் ரத்தமே இல்லை. படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"எதுக்கு லட்சுமி மாலை?"

"நீங்கதானக்கா சொன்னீங்க, அண்ணன் போயிட்டாருன்னு."

"நான் எப்ப சொன்னேன்? நான்தான் பஸ்லயே ஏறலயே."

"என் பக்கத்துலதான உக்காந்து வந்தீங்க. டிரெயினிங் ரூம்லயும் பக்கத்துலதான். மத்தியானம் போன் வந்துச்சு, கீழ் வூட்டுக்காரங்கன்னு சொன்னீங்க. அழுதுகிட்டே எழுந்து போயிட்டீங்க." அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள். "வாசப்படியில திரும்பி என்னைப் பாத்து, நான் ஏறியிருக்கவே கூடாது லட்சுமின்னு சொன்னீங்க."

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். முதல் நாளே சொல்லாமல் பாதியில் எழுந்து போனவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நான் வரவேயில்லை என்றேன். அங்கே இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழைய கான்ட்ராக்ட் வேலைக்கே திரும்பிவிட்டேன்.

இப்போதும் ராத்திரியில் எழுந்து அவர் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். வருகிறது. என்னைத் தடுத்தது ஆண்டவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அழுதுகொண்டே கிளம்பிய அவளும் என்னைப்போல ஒரு வீட்டுக்குத்தானே திரும்பிப் போயிருப்பாள்? எனக்கு அடைத்தவர் அவளை ஏன் ஏறவிட்டார்?