அப்பா அறையில் நின்ற ஃப்ரிட்ஜ்

மிளகு பறிக்க ஏணியில் ஏறிய அப்பா தவறி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும் இல்லை. வேறு யார் பார்ப்பது? பெங்களூர் வேலையை லேப்டாப்போடு தூக்கிக்கொண்டு எங்கள் மலையூரான அரியூர் நாட்டுக்கு ஏறினேன். மழை, மூடுபனி, வந்து வந்து போகும் சிக்னல், படுக்கையிலேயே அப்பாவுக்கு எல்லாம். பத்தே நாளில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பஸ் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் ஏறிவிடலாமா என்றிருக்கும்.

அந்த எரிச்சலில்தான் ஒயின் போட ஆரம்பித்தேன். சட்டம் ஒத்துக்கொள்ளாது, தெரியும். தோட்டத்து அன்னாசி நிறையக் கிடந்தது. சாறு பிழிந்து ஈஸ்ட் சேர்த்தேன். ஆனால் ராக்குளிரில் ஈஸ்ட் அசையமாட்டேன் என்றது, மழை விட்டு வெயில் அடித்தால் பொங்கித் தள்ளியது. பழைய ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி வீசினேன். உள்ளே ஒரு குண்டு பல்பை மாட்டினேன். இரண்டையும் ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலரில் இணைத்தேன். சூடு ஏறினால் ஃப்ரிட்ஜ் ஓடும், இறங்கினால் பல்பு எரியும். இருபது டிகிரி, இம்மி பிசகவில்லை. அடேங்கப்பா, என்ன பெருமை எனக்கு! உள்ளே வைத்த சாற்றுக் கேனிலிருந்து ஒரு குழாயை வெளியே தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தேன். அதில் பொளக் பொளக்கென்று குமிழி வந்துகொண்டே இருக்கும். எர்த் உள்ள பிளக் பாயின்ட் அப்பா அறையில் மட்டும்தான். அதனால் எல்லாம் அவர் கட்டிலுக்கு எதிரே நின்றது.

அப்பா குடியை விட்டுப் பன்னிரண்டு வருஷம். தெரியாதா எனக்கு? தெரியும். முடிந்துபோன சங்கதி என்று நினைத்தேன், மடையன்.

ஐந்தாம் நாள் மதியம் சோறு கொண்டுபோனேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, காதோடு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது.

"ஏனுங்கப்பா, காது வலிக்குதுங்களா?"

"இல்ல கண்ணு. அந்தச் சத்தம் நாளெல்லாம் கூப்புடுது. வாசம் வேற. காலு நல்லாருந்தா எந்திரிச்சு வெளிய போயிருப்பேன்."

"சொல்லியிருக்கலாமுல்லீங்கப்பா?" கத்திவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை.

"அதுகிட்ட நிக்கறப்பத்தான் உம் மொகம் சிரிக்குது சாமி. இந்த ஊட்டுல உனக்கு வேற என்ன இருக்குது?"

ஓடிப்போக வழி தேடியவன் நான். போகமுடியாத மனுஷனை அந்தக் கேனோடு சேர்த்து அடைத்துவைத்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கினேன். கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"கொட்டவா போற?" என்றார் உள்ளிருந்து.

"ஆமாங்கப்பா."

வாசல்படி இறங்கும்போது மறுபடி அவர் குரல் வந்தது.

"தூரமாப் போயிக் கொட்டு கண்ணு. எந்த எடம்னு எங்கிட்டச் சொல்லீராத."