கறிவேப்பிலை மரத்தடி மண்

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா சிங்கப்பூரில் வெல்டர். குத்தாலத்துக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த வீட்டில் நானும், மாசமாக இருந்த அம்மாவும், ஒரு சாம்பல் நிறப் பூனையும்தான். விளையாட ஆளே கிடையாது. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பூனையிடம்தான் சொல்வேன். அதுவும் பொறுமையாகக் கேட்கும், பாவம்.

அம்மாவுக்கு மசக்கையில் மண் தின்னும் ஆசை வந்துவிட்டது. கோடை மழை பெய்து மண் மணத்தால் போதும், "கொஞ்சூண்டு எடுத்துட்டு வாடி, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்பாள். கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடி மண்தான் பொலபொலவென்று இருக்கும். பூனையும் தினமும் அங்கேதான் பள்ளம் பறித்து, காரியத்தை முடித்து மூடிவிட்டு வரும். அதெல்லாம் எனக்கு எங்கே தோன்றியது? அம்மா என்னை நம்பி ஒரு ரகசியம் வைத்திருக்கிறாள் என்ற பெருமைதான்.

ஆறாம் மாதம் அத்தை துணைக்கு வந்தார். அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவும் அம்மாவைப் பார்க்க வந்தார். "பூனை பாட்டுக்கு இருக்கட்டும்மா. அது வெளிக்குப் போற மண்ணுதான் ஆகாது. தப்பித்தவறி கை பட்டா சோப்பு போட்டுக் கழுவுங்க. வயித்துல இருக்கற புள்ளைக்குக் கண்ணு, மூளையே பாதிச்சுடும்" என்றார்.

அத்தை காதில் விழுந்தது 'பூனை', 'ஆகாது' என்ற இரண்டே சொல். "ஆகாததை வீட்ல வச்சுக்கிட்டு என்ன கொஞ்சல்?" என்று பூனையைப் பிடித்துக் கட்ட ஒரு சாக்குப் பை தேடக் கிளம்பிவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் விட்டால் பூனைக்கு வழி தெரியாதாம். ஆற்றில் தண்ணீரே வரவில்லை, வெறும் மணல்! நர்ஸம்மா எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. "பூனை ஒண்ணும் பண்ணலை அத்தை! அம்மாதான் அந்த மண்ணைத் தின்னாங்க!" என்று கத்திவிட்டேன்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர ஒரு வாரமாகும் என்றார்கள். பூனையும் சாக்கில் போய்விட்டது. அம்மா என்னோடு பேசவே இல்லை. போனில் அப்பாவிடம் "நல்லாத்தான் இருக்கேங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கை மட்டும் வயிற்றை விட்டு நகராது.

ரிசல்ட் நல்லபடியாகத்தான் வந்தது. தம்பி இப்போது பத்தாம் வகுப்பு, பூனையைக் கண்டாலே தும்முகிறான். ஆனால் அந்த ஒரு வாரம் இருக்கிறதே, வீட்டில் நானும் அம்மாவும் தனித்தனியாக அழுதோம். அம்மாவும் பூனைக்காகத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகைத் தடவி, "அழாதம்மா, போனா போவுது, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

அம்மா ஏன் அப்படி வீறிட்டு அழுதாள் என்று எனக்குப் புரியவே இல்லை.