சுகுமாறனுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு பிழிந்தவர் சுகுமாறன். பண்டமாரானில் அந்த வரிசை வீடுகளில் வேறெந்த ஆம்பளையும் அச்சைத் தொட்டதில்லை. நான்கு கிலோ மாவு. மனைவி புனிதாவோடு போட்ட பேரம் அப்படி. முறுக்கு முழுவதையும் அவரே பிழிந்தால், மறுநாள் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்பில் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அவருடைய ரெகே பாட்டு. ஒரு விருந்தாளி எழுந்து போனாலும் அடுத்த வருஷம் அந்தப் பேச்சே கூடாது.

சுகுமாறன் துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வயதில் அவருக்குக் கிடைத்த பழைய லோரியில் யாரோ விட்டுப்போன ரெகே கேசட் சிக்கிக் கிடந்தது. பிடுங்கியும் வரவில்லை. வேறு வழியில்லாமல் பந்திங் வரை கேட்டுக்கொண்டே போனார். திரும்பும்போது பிடித்துப்போயிருந்தது. அப்புறம் ஸ்கா, டப் என்று அதன் சொந்தக்கார இசைகளையும் தேடிப்போய், பலகை வாங்கி இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாமே அடித்துச் செய்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புனிதா அவற்றின்மேல்தான் துணி மடிக்கிறாள்.

மறுநாள் சரியாக இரண்டு மணிக்கு ரெகேவைப் போட்டார். தரை அதிர்ந்தது. ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னக்கா, ஸ்பீக்கர் ரிப்பேரா?" என்றாள் பக்கத்து வீட்டு லெட்சுமி.

புனிதா கணவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

உறுமி மேளக் குழு நடத்தும் கன்னையா தட்டைக் கீழே வைத்தார். "டேய் சுகு, தாளத்தை நாலு நாலா எண்ணிப் பாக்குறேன், ஒண்ணுல அடியையே காணோமே."

"அதான் அண்ணே விஷயம். ஒண்ணைக் காலியா விடணும். மூணுலதான் அடி விழும்."

கன்னையாவுக்குக் காலி இடம் பொறுக்காது. முறுக்கு டின்னை மடியில் வைத்து ஒன்றில் ஓங்கித் தட்டினார். "இப்பதான் சரியா இருக்கு லா."

"கெடுத்துட்டீங்களே அண்ணே. கையைக் கட்டுங்க."

கட்டினார். ஆனால் ஒன்று வரும்போதெல்லாம் தோள் தூக்கிப் போட்டது. அதைப் பார்த்துச் சிரித்த லெட்சுமி தானும் எண்ணப் போய், ஒன்றில் கை தட்டி மாட்டிக்கொண்டாள். அப்புறம் அதுவே விளையாட்டாகிவிட்டது. ஒன்றில் தட்டியவர் தோற்றார். விருந்துக்கு வந்திருந்த சிவநேசன் மாமா மூன்று முறை தோற்றுவிட்டு, தோற்கவே இல்லை என்று சாதித்தார். கறி ஆறியது.

மூன்று மணி ஆனபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு போடுடா," என்றார் கன்னையா.

சுகுமாறன் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். "புனிதா, இன்னும் ஒரு அரை மணி போடவா? அடுத்த வருஷமும் நானே முறுக்கு பிழியறேன்."

புனிதா காலித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். லெட்சுமியின் தட்டையும் வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் அஞ்சு கிலோ," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.