ஐஸில் போடாத நாலு மீன்

சின்னத்தாயியைப் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு எடுத்தது தரை துடைப்பதற்கு. 1999இல் ஸ்ரீராம்புரத்துப் பெண்கள் பத்துப் பேரை ஒரு காண்ட்ராக்டர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அவர்களில் அவள் ஒருத்தி. புருஷன் பச்சைமுத்துவுக்கு மாநகராட்சியில் சாக்கடை வேலை. அதுவும் காண்ட்ராக்ட்தான். புருஷனும் பெண்டாட்டியும் முதுகொடிய உழைத்தார்கள். ஆனால் எந்த ஆபீஸில் போய்க் கேட்டாலும் அப்படி ஒரு ஆள் இங்கே வேலை செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். காண்ட்ராக்ட் என்றால் அதுதான் பொருள்.

அவள் துடைத்த மாடியில் டாக்டர் நிருபமா புதிதாக மீன் அறை வைத்திருந்தார். உடம்பில் நீலக் கோடு போட்ட, விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். ஆங்கிலத்தில் ஜீப்ரா மீன் என்பார்கள். கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் சாதா மீன்தான். ஆராய்ச்சிக்காரர்கள் அதன்மேல் உயிரை விடுவதற்குக் காரணம், அதன் முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே குஞ்சு உருவாவதையும் அதன் இதயம் முதல்முதலாகத் துடிப்பதையும் மைக்ராஸ்கோப்பில் அப்படியே பார்க்கலாம். மனிதனின் இதயம் எங்கே கெடுகிறது என்பதை இந்தப் பொடியனைப் பார்த்தே படித்துவிடலாமாம். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த நிருபமாவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பெங்களூர்க் குழாய்த் தண்ணீர்தான் தெரியவில்லை. வாராவாரம் மீன்கள் செத்து மிதந்தன.

"மேடம், கொழா தண்ணியில மருந்து ஜாஸ்தி கீது. ரெண்டு நாளு தொறந்து வச்சி அப்பறமா ஊத்துங்க. எங்க ஊட்ல தங்கமீனு வச்சிருந்தப்போ அப்டித்தான் செஞ்சோம்" என்றாள் சின்னத்தாயி, மாப்புக் கட்டையை ஊன்றிக்கொண்டு.

மீன் சாவது நின்றது. சின்னத்தாயியை மீன் அறைக்கு மாற்றினார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் கடைசிவரை 'ஹவுஸ் கீப்பிங்' என்றே இருந்தது.

இரண்டு பேருக்கும் முப்பத்தைந்து வயது. பேசுவதும் ஒரே பாஷை. ஒருத்தி 'நீ', இன்னொருத்தி 'நீங்க'. அதை இரண்டு பேரும் ஒருநாளும் யோசித்ததில்லை.

மீன் அறையில் சூரியன் கிடையாது, விளக்குதான் சூரியன். காலை எட்டரைக்கு விளக்கு எரிந்ததும் மீன்கள் முட்டை போடும். போட்ட கையோடு தாயே தின்றுவிடும் என்பதால் தொட்டிக்கு அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்ப வேண்டும். முட்டைகள் இடுக்கில் விழுந்து பிழைத்துக்கொள்ளும். எந்த ஆணுக்கு எந்தப் பெண் ஒத்துவரும், எது சண்டை பிடிக்கும், எதற்கு முட்டை கட்டிவிட்டது என்பதெல்லாம் சின்னத்தாயிக்குத் தொட்டியைக் கடந்து போகும்போதே தெரிந்துவிடும். பிஎச்.டி. மாணவர்கள் அவளிடம் வந்து நிற்பார்கள். "இந்த ஜோடி வேணாம் சார், சும்னே டைம் வேஸ்ட்டு" என்று அவள் சொன்னால் வேண்டாம்தான்.

2002இல் ஒருநாள், தட்டுகளிலிருந்து செத்த முட்டைகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தவள், நிருபமாவைக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்த ஜோடியோட குஞ்சுங்கள்ல கொஞ்சத்துக்கு நெஞ்சு வீங்கிக்கிது. போன தபாவும் அப்டித்தான். எண்ணிப் பாத்தேன், நாலுக்கு ஒண்ணு."

நிருபமா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் கால் மணி நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் சின்னத்தாயியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

விஷயம் இதுதான். அந்த ஜோடி பார்வைக்கு நல்ல மீன்கள். ஆனால் இரண்டின் உடம்பிலும் ஒரு கோளாறு ஒளிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுகளில் கால்வாசிக்கு இதயம் ஊதி, ஐந்தாம் நாள் செத்துவிடும். அந்தச் சாவுதான் நிருபமாவுக்குப் புதையல். அந்த ஜோடியின் வம்சத்தைத் தனித் தொட்டிகளில் பெருக்கி, மூன்று வருஷம் அதன்மேலேயே வேலை செய்தார். வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை போனது. வேறு லேபுக்காரர்கள் அந்த மீனைக் கேட்டபோது, கொடுத்தால் நமக்கு முன்னால் எழுதிவிடுவார்கள் என்று ஒருவருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

2005இல் நிலையத்தில் மூன்று நிரந்தர வேலைகளுக்கு அனுமதி வந்தது. மீன் அறைக்கு ஒன்று.

"உன் பேரைத்தான் எழுதிருக்கேன் சின்னத்தாயி. தசரா முடிஞ்சதும் ஆர்டர் வந்துடும்" என்றார் நிருபமா.

ஆறு வருஷத்தில் காண்ட்ராக்டர் மூன்று முறை மாறியிருந்தான். ஒவ்வொரு முறையும் அவள் புதிதாகச் சேர்ந்தவள் ஆனாள். பச்சைமுத்து குழியில் இறங்கிவிட்டு வந்து இருமுகிற இருமலுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. நிரந்தரம் என்றால் அவனுக்கும் சேர்த்து வைத்தியம். அதனால் அந்த ஒரு காகிதத்துக்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மீன் அறையில் அவளுக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. இரண்டு வயது தாண்டிய மீன் சரியாக முட்டை வைக்காது. அதுகளை ஐஸ் தண்ணீரில் போட்டுக் கொல்ல வேண்டும். அந்த வருஷம் ஜூனில் பதினான்கு கிழட்டு மீன்களைப் போடச் சொன்னார்கள். அதில் நாலு மீன், அவள் கண்டுபிடித்த அந்த முதல் ஜோடிக்குப் பிறந்த கடைசிப் பிள்ளைகள். பத்தைப் போட்டாள். நாலைப் போடக் கை வரவில்லை. தண்ணீர் பாட்டிலில் விட்டு, பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஆராய்ச்சி மீன் எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. அது அவளுக்குத் தெரியும். சாகப் போகிற கிழடு எங்கே இருந்தால் யாருக்கு என்ன என்று நினைத்தாள். வீட்டில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியை அடுப்பு மேடையில் சூடு படுகிற பக்கமாக வைத்து, அதில் விட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

விஞ்ஞானிகளுக்குச் சாமி கிடையாது என்று நினைப்பவர்கள் ஆயுத பூஜையன்று ஒரு பெங்களூர் லேபுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு, ஃப்ரீசருக்குச் சாமந்தி மாலை, வாசலில் குங்குமம் தடவிய பூசணிக்காய். அவரவர் ஆயுதத்தை அவரவர் தேய்த்துக் கழுவிப் பூஜையில் வைப்பது வழக்கம். மீன் அறையின் ஆயுதம் என்ன? தண்ணீர்தான். அந்த வருஷம் சின்னத்தாயியை மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்க அனுப்பிவிட்டு, அஷ்வத் என்ற பிஎச்.டி. மாணவன் அறையைச் சுத்தம் செய்ய இறங்கினான். எல்லாத் தொட்டிக்கும் தண்ணீர் சுற்றிப் போகிற கீழ்த்தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் ஊற்றிப் பளபளவென்று தேய்த்தான். அதன் காரத்தை முறிக்கிற உப்பைப் போட மறந்து, நல்ல தண்ணீரை நிரப்பி, பம்பை ஓட விட்டுவிட்டான்.

அவள் திரும்பி வந்தபோது அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. வேறு வாசனை எதுவும் மூக்குக்கு எட்டவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"சார், மீனுங்க ஒரு மாரியா கீது. தண்ணியத் தொட்டீங்களா இன்னா?"

"புகைக்கு அப்படித்தான் இருக்கும். ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, வாம்மா, போட்டோ எடுக்கப் போறாங்க" என்றான் அஷ்வத்.

அவளும் போய் ஓரத்தில் நின்றாள். சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் அவள் தன்னையே திட்டிக்கொள்வது அந்தப் பொங்கலை நினைத்துத்தான்.

விஜயதசமியன்று காலையில் கதவைத் திறந்தால், மாலை போட்ட தொட்டிகளில் ஒரு மீன்கூட மிச்சமில்லை. எல்லாம் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. காலி பிளீச்சிங் கேனைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அஷ்வத் கையெடுத்துக் கும்பிட்டான். நிருபமா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பம்ப் கோளாறுன்னு நிலையத்துக் கமிட்டிக்கு ரிப்போர்ட் எழுதிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு. எல்லாருக்கும் நல்லது" என்றார். சின்னத்தாயி தலையாட்டினாள். அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது வந்தும் இருக்கும்.

ஐந்து நாள் கழித்து, காலித் தொட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நிருபமா அழுதுகொண்டிருந்தார். கட்டுரையைப் போடுவதற்கு முன் பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரே ஒரு பரிசோதனை கேட்டிருந்தார்கள். அதைச் செய்ய அந்த வம்சத்தில் உலகத்திலேயே ஒரு மீன் கிடையாது.

"மூணு வருஷம் சின்னத்தாயி. எல்லாம் போச்சு."

அந்த அம்மாள் அழுது அவள் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் ஆர்டரை நினைத்தாள். கதவில் ஒட்டியிருந்ததையும் நினைத்தாள். ஆனால் முன்னால் உட்கார்ந்து ஒருத்தி அழும்போது எவ்வளவு நேரம்தான் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்?

"அழாதீங்க மேடம். நாலு மீனு உசுரோட கீது. எங்க ஊட்ல."

நிருபமா அந்த நிமிஷமே காரை எடுத்தார். ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் கார் போகாது. முனையில் நிறுத்திவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். காபி வேண்டாம் என்றார். ஜாடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பும்போது சின்னத்தாயியை முன்சீட்டில் உட்கார வைத்து, ஜாடியை மடியில் கொடுத்தார். பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார்.

கிழட்டு மீனை முட்டை போட வைப்பது லேசில்லை. சின்னத்தாயி அதுகளுக்கு உயிருள்ள புழுவாக ஊட்டினாள். தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே கல்லை வைத்துச் சாய்த்து, ஆற்றங்கரை மாதிரி ஆழமில்லாத தண்ணீர் செய்து கொடுத்தாள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. நிருபமா ஒரு நாளைக்கு நாலு முறை வந்து எட்டிப் பார்ப்பார்.

"மேடம், ஆர்டரு இன்னா ஆச்சி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வரும் வரும். முதல்ல முட்டை வரட்டும்" என்றார் நிருபமா, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலாம் வாரத் தொடக்கத்தில் எண்பது முட்டைகள் விழுந்தன. நாலாம் நாள் கால்வாசிக் குஞ்சுகளுக்கு நெஞ்சு வீங்கியிருந்தது. வம்சம் பிழைத்துவிட்டது. அஷ்வத் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தான்.

மறுநாள் நிர்வாக அதிகாரி கஸ்தூரிரங்கன் கூப்பிட்டு அனுப்பினார். ஆர்டர்தான் என்று அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். அவர் ஆங்கிலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: ஆராய்ச்சி உயிரினத்தை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனது பெரிய குற்றம்; கேட் பாஸ் இன்றோடு ரத்து; நிரந்தர வேலைக்கு அவள் பெயர் நீக்கப்படுகிறது.

"யாரு சார் சொன்னாங்க?"

"டாக்டர் நிருபமாவே கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா. மீன் எங்கேயிருந்து வந்ததுன்னு ரிக்கார்டில் காட்டணுமே."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, தேதி தெரியும். கடிதத்தின் தலையில் அக்டோபர் பதினெட்டு என்று போட்டிருந்தது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்கு மறுநாள். அன்றைக்கு நவம்பர் பதினான்கு.

நேராக நிருபமாவின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"பம்பு கோளாறுன்னு எழுதுனீங்களே, அதுவும் இதே கமிட்டிக்குத்தானே எழுதுனீங்க?"

"அஷ்வத்தோட எதிர்காலமே போயிடும் சின்னத்தாயி. இன்னும் படிப்பே முடியல அவனுக்கு. உனக்கு வேற எங்கயாவது வேலை கிடைச்சிடும்."

"சரி. இந்தக் காயிதம் இருவத்தேழு நாளா எங்க இருந்திச்சி?"

நிருபமா ஏதோ பெரிய உபகாரம் செய்தவரைப் போல மெதுவாகச் சொன்னார். "அவங்க உடனே குடுக்கணும்னாங்க. முட்டை வைக்கிற வரைக்கும் நீ இருக்கணும்னு நான்தான் கெஞ்சிக் கேட்டு நிறுத்தி வச்சேன்."

ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி என்பார்கள். அக்கரை போகும் வரை அந்த அம்மாள் காகிதத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு நாலு முறை வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். சின்னத்தாயி கேட் பாஸைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கட்டுரை வந்தது. அஷ்வத் அமெரிக்கா போனான். அந்த மீனின் பிள்ளைகள் இப்போது மூன்று நாட்டு லேபுகளில் நீந்துகின்றனவாம். சின்னத்தாயி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெண்கள் பி.ஜி. ஹாஸ்டலில் பாத்திரம் கழுவினாள், அதுவும் காண்ட்ராக்ட். பச்சைமுத்துவின் இருமல் நெஞ்சில் இறங்கி, 2008இல் அரசு ஆஸ்பத்திரி வராந்தாத் தரையில் அவன் படுத்திருந்தபோது, அவன்தான் பேச்சை எடுத்தான்.

"உடு சின்னத்தாயி. நல்லதுதான செஞ்ச. அந்த நாலு உசுரக் காப்பாத்துன இல்ல?"

"காப்பாத்துனேன். அன்னிக்கு வாய மூடிக்கினு நின்னிருந்தா அந்த அம்மா இன்னும் ரெண்டு நாளு அழுதிருக்கும். நீ இன்னிக்கு கட்டில்ல படுத்திருப்ப" என்றாள் சின்னத்தாயி.