ஒரு கண்ணில் தாய், ஒரு கண்ணில் மகள்

ராஜபாளையத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் அவர். பேசும்போதெல்லாம் கை ஏதாவதொரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்கும். என் கண்களைச் சோதித்து முடித்ததும், இரண்டு துளைகளில் லென்ஸ் பதித்த ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினார்.

“செத்த நேரம் இதுல பாருங்க சார்.”

இடது கண்ணுக்கு மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் படம். வலது கண்ணுக்குப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. இரண்டும் சேர்ந்து தெரியவில்லை. பெண் மங்கினாள், சிறுமி வந்தாள், மறுபடியும் பெண்.

“மாறி மாறி வருதே?”

“ரெண்டு கண்ணும் வேற வேற பாத்தா அப்படித்தான் சார். அது எம் பொண்டாட்டி, இது எம் மக. பிள்ளையப் பெத்த அன்னைக்கே அவ போயிட்டா. ரெண்டு பேரும் சேந்த போட்டோ கிடையாது.”

“ஸ்டூடியோவுல சேத்துத் தருவாங்களே?”

“தந்தாங்க. பக்கத்துல பக்கத்துல நிக்காங்க, ஒருத்திய ஒருத்தி தெரியாத மாதிரி. இதுல படம் மாறுத நேரத்தப் பாருங்க.”

மறுபடி குனிந்தேன். மாறும்போது ஒரு நொடி, தாயின் நெற்றியும் மகளின் சிரிப்பும் ஒரே முகத்தில் இருந்தன.

“தெரிஞ்சுதா சார்?”

“தெரிஞ்சுது.”

அவர் கை துடைப்பதை நிறுத்தியது. “இம்புட்டு நாளா நான் மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றார்.