ஆண்மரம் இல்லாத மலை

கிரெனடாவின் மேற்குச் சரிவில், குவாவ் ஊருக்கு மேலே, இவாட்னி ஜோசப்புக்கு இரண்டு ஏக்கர் ஜாதிக்காய்த் தோட்டம். ஊருக்கே அவள் டான்ட்டி, அதாவது அத்தை. பெற்ற பிள்ளை ஒருவனுக்குத்தான் அம்மா.

மலை முழுவதும் முன்பு ஒரே வெள்ளைக்காரத் துரையின் சொத்து. அது கைமாறிக் கைமாறித் துண்டானபோது அவளுடைய அப்பாவுக்குக் கிடைத்த துண்டு இது. ஐம்பத்தைந்தில் ஜேனட் புயல் மரங்களைச் சாய்த்தது. அப்பா சளைக்காமல் மறுபடி நட்டார். அமெரிக்கச் சிப்பாய்கள் தீவில் வந்து இறங்கிய வருடமும் காய் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது, இவாட்னியும் குனிந்து பொறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். உலகம் எப்படிப் போனாலும் ஜாதிக்காய்க்குக் கவலையில்லை.

இரண்டாயிரத்து நான்கு செப்டம்பரில் ஐவன் புயல் வந்தது. ஒரே பிற்பகலில் மலை மொட்டை. தேசியக் கொடியில் வரைந்திருக்கும் ஜாதிக்காய் மட்டும்தான் மிஞ்சியது என்று ஜனங்கள் கசப்பாகச் சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் காஸ்மஸ் நிலத்தைப் புதர் மண்ட விட்டுவிட்டு, கடற்கரை ஓட்டல்களுக்கு வேன் ஓட்டப் போனான். மற்றவர்கள் லண்டன், டொரான்டோ என்று கலைந்தார்கள். புரூக்ளினிலிருந்து மகன் ஆன்சில் கூப்பிட்டான். விதவையான அவள் அசையவில்லை.

"சரிம்மா, நீ நடு. காய்க்கட்டும். காய்ச்சதும் நானே வந்துடறேன், உன்கூடவே இருக்கேன்" என்றான்.

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு அவள் ஏழு வருடம் தண்ணீர் ஊற்றினாள். ஜனவரியிலிருந்து மே வரை மழை எட்டிப் பார்க்காது. ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, பேச ஆளில்லாமல் தனியாகத் தின்றாள்.

ஜாதிக்கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு குழிக்கு மூன்று கன்று நடுவார்கள். பூத்தபின் தெரியும், கொத்தாகப் பூத்தால் ஆண், வெட்டிவிடுவார்கள். அவளும் பூத்த வருடமே ஒன்று விடாமல் வெட்டி, வேரையும் தோண்டி எறிந்தாள். காய்க்காத மரத்துக்கு எதற்கு இடம்? மகன் சீக்கிரம் வரவேண்டுமே!

பெண்மரங்கள் பூத்தன, உதிர்ந்தன. மறுபடி பூத்தன, உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஸ்மஸ் பார்க்க வந்தான். தோட்டத்தைச் சுற்றிவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"என்ன டான்ட்டி, ஆம்பள ஒருத்தனைக்கூட மிச்சம் வைக்காம விரட்டிட்டியே! பொம்பளைங்க மட்டும் எப்படிப் புள்ள பெத்துக்கும்?"

"எங்கப்பாவும் எல்லாத்தையும் வெட்டினாருடா!"

"அப்ப எங்கப்பன் சோம்பேறி. வெட்டாம விட்டான். எங்க ஆம்பள மரம்தான் உங்களுக்கும் சேர்த்து வேலை பாத்துச்சு."

"இப்ப இந்த மலையில ஆம்பள மரமும் இல்ல, மனுசனும் இல்ல. எல்லாம் ஓடிட்டீங்க" என்றாள் அவள். காஸ்மஸுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று மாலை ஆன்சில் போன் செய்தான்.

"காய்ச்சுதாம்மா?"

"இல்லடா. ஆண்மரத்தையெல்லாம் வெட்டித் தொலைச்சுட்டேன். புதுசா நட்டு, பூத்து... இன்னும் ஏழு வருஷம்."

அவன் நீளமாக மூச்சு விட்டான். "அப்படியா? பரவால்லம்மா. மெதுவா ஆகட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல."

பெற்றவளுக்குத் தெரியாதா? அது ஏமாந்தவன் விட்ட மூச்சு இல்லை, தப்பித்தவன் விட்டது. ஏழு வருடம் அவள் வெயிலில் வாளி சுமந்தபோது, எங்கே காய்த்துவிடுமோ என்று அவன் அங்கே பயந்துகொண்டு இருந்திருக்கிறான்.

"ஆன்சில், காய்ச்சாலும் நீ வரவேணாம்டா."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதம்மா" என்றான். வருவேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது, ஈர மண்ணில் குழி சுலபமாக வந்தது. மூன்று கன்றுகளை ஒன்றாக இறக்கி மண்ணை அணைத்தாள். அழுதுகொண்டேதான் நட்டாள்.